பார்த்து எழுதுற பரீட்சையிலேயே கோட்டை விட்டாரா?

"பேர் ஆக்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற பரீட்சை. நூற்றுக்கு 45 எடுத்தால் போதும். அதிலேயே கோட்டை விட்டவரை நம்பி ஒரு கட்சிக்காரன் எப்படி வழக்கைக் கொடுப்பான்?" அகில இந்திய பார் தேர்வின் முடிவு வெளிவரும்போதெல்லாம் பார் ரூம்களிலும் நீதிமன்ற வாசல் டீக்கடைகளிலும் இந்தக் கேள்வி கேட்கும். தோற்றவர் சின்ன வயதுக்காரர் என்றால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம் தம்பி" என்று பேச்சு முடிந்துவிடும். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ காவல் நிலையத்திலோ இருபது வருடம் கழித்துவிட்டு, நாற்பது ஐம்பது வயதில் மூன்றாண்டு சட்டப்படிப்பு முடித்தவர் என்றால் தொனியே வேறு. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று ஆரம்பிப்பார்கள். மறுபடியும் எழுதியே தீருவேன் என்று அவர் நின்றால் புத்திமதி தயாராக இருக்கும்: கையில் இருக்கும் வேலையை விடு, கோச்சிங்கில் சேர், முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படி, பழைய தொழிலை மற.

இந்தக் கருத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழக்கறிஞர் கையில் ஒருவருடைய சொத்து இருக்கிறது, சிலசமயம் ஆயுளில் பத்து வருடம் இருக்கிறது. பட்டம் வாங்கியவரெல்லாம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, குறைந்தபட்சம் ஒரு வடிகட்டி வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்திய பார் கவுன்சில் 2010-இல் இந்தத் தேர்வைக் கொண்டுவந்து 2011 மார்ச்சில் முதல் தடவை நடத்தியது. அதற்கு அப்படிச் செய்ய அதிகாரம் உண்டு என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது. வடிகட்டி என்பது குறைந்தபட்ச அளவு என்றால், அந்த அளவைக்கூடத் தொடாதவர் தகுதியற்றவர்தானே? இதுதான் அவர்களுடைய வாதம். ஓய்வுக்குப் பிறகு காரில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் கிடைக்கும் என்பதற்காகவே சட்டம் படிக்கிறவர்கள் இருப்பதும் உண்மைதான். அவர்களுக்காக நான் பேசவில்லை.

ஆனால் இந்த வாதமும், அதோடு வரும் புத்திமதியும் ஒவ்வொரு படியிலும் தப்பு. தேர்வைப் பற்றித் தப்பு, தோல்வியைப் பற்றித் தப்பு, மறுபடி எழுதும் வழியைப் பற்றி எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு.

1. புத்தகம் திறந்திருந்தால் சுலபமா?

எந்தப் புத்தகம் என்று முதலில் கேளுங்கள். தொடக்க காலத்தில் கைடு, குறிப்பு நோட்டு, பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் பை நிறைய அள்ளிக்கொண்டு போகலாம். 2021-லிருந்து அந்தக் கதை முடிந்தது. குறிப்போ விளக்கவுரையோ இல்லாத வெறும் சட்டப் புத்தகம், அதாவது பேர் ஆக்ட், மட்டும்தான் உள்ளே போகும். டீக்கடையில் "பார்த்து எழுதுற பரீட்சை" என்று சொல்கிறவர் மனதில் இன்னும் பழைய பரீட்சைதான் ஓடுகிறது.

சரி, வெறும் சட்டப் புத்தகமாவது இருக்கிறதே என்பார். நூறு கேள்வி. ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். கேள்வியைப் படிப்பது, நான்கு விடைகளைப் படிப்பது, எந்தச் சட்டம் என்று முடிவு செய்வது, அந்தப் புத்தகத்தை எடுப்பது, பிரிவைத் தேடுவது, வட்டத்தைக் கறுப்பாக்குவது எல்லாம் அதற்குள். சிவில் நடைமுறைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் 158 பிரிவு, பின்பாதியில் அட்டவணையாக 51 ஆர்டர், ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் வரிசையாக ரூல். "எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை பெற்றுவிட்ட வழக்கில் பிரதிவாதிக்கு என்ன பரிகாரம்?" என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தீர்ப்பாணையை நீக்கக் கோருவது ஆர்டர் 9 ரூல் 13-இல் இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம் என்பது பிரிவு 96-இன் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. சீராய்வு பிரிவு 114-இலும் ஆர்டர் 47-இலும் கிடக்கிறது. "மேற்கண்ட அனைத்தும்" என்ற விடையை எந்தப் பக்கமும் ஒரே இடத்தில் எழுதி வைக்கவில்லை. ஆர்டர் 9-ஐக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையே குறித்துவிட்டு வருகிறவர்தான் அதிகம். அவர் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினார், சரியான பக்கத்தையும்தான் பார்த்தார்.

எங்கே தேடுவது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே புத்தகம் கைகொடுக்கும். தெரியாதவருக்கு அது நேரத்தைத் தின்னும். ஆகவே "புத்தகம் இருந்தும் தோற்றார்" என்பது அவருடைய அறிவின்மைக்குச் சாட்சி ஆகாது. பல சமயம் புத்தகத்தை நம்பியதால்தான் தோற்றிருப்பார்.

2. அனுபவசாலி எப்படித் தோற்பார் என்கிறீர்களே, அனுபவத்தால்தான்.

ஓய்வுபெற்ற காவல் நிலைய ரைட்டர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முப்பது வருடம் எஃப்ஐஆர் எழுதிய கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கொலை 302, மோசடி 420, தடையுத்தரவு 144, வாக்குமூலம் 161, பொருள் கைப்பற்றினால் சாட்சியச் சட்டம் 27 என்று சொல்வார். 2024 ஜூலை 1-ஆம் தேதி மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்ததும் அந்தத் தலைக்குள் இருந்த எண்களில் பெரும்பாலானவை செல்லாக்காசாகிவிட்டன. கொலைக்கான தண்டனை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. பழைய 420 இப்போது 318-இன் நான்காம் உட்பிரிவு. குற்ற நடைமுறையில் முதல் தகவல் அறிக்கை 154-லிருந்து 173-க்குப் போய்விட்டது. சாட்சிகளின் வாக்குமூலம் 180.

எண் மாறியதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய எண்களில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் 144 என்றால் தடையுத்தரவு இல்லை, மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம். தடையுத்தரவு 163-க்குப் போனது. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கே "482" என்றுதான் பெயர். புதிய 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528. நியாய சன்ஹிதாவின் 302-ஐத் திறந்தால் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றாக "482" இருந்தால் அந்த ரைட்டரின் கை யோசிக்காமல் அங்கே போகும். புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். ஏன் திறக்க வேண்டும், அவருக்குத்தான் தெரியுமே! ஒன்றும் தெரியாமல் கல்லூரியிலிருந்து நேராக வந்த இருபத்து நான்கு வயதுக்காரர் பொருளடக்கத்தைப் புரட்டி 528-ஐப் பிடித்துவிடுவார்.

இந்தத் தோல்விக்குப் பெயர் தகுதியின்மையா? நிச்சயமாக இல்லை. நாளைக்கு அந்த ரைட்டர் ஜாமீன் மனுவில் நிற்கும்போது கேஸ் டைரியை எப்படிப் படிப்பது என்பது மற்றவர்களைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அவர் கற்க வேண்டியது சட்டத்தையல்ல, பழைய எண்ணை நம்பாமல் இருப்பதை. அதுவும் ஓரளவுக்குத்தான். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்படிதான் விசாரிக்கப்படுகின்றன. நீதிமன்றத்துக்குள் இரண்டு எண் வரிசையும் இன்னும் பல வருடம் கூடவே நடமாடும்.

3. சுலபம் என்பதையும் ஞாபகம் நிக்காது என்பதையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

"பார்த்து எழுதுற பரீட்சை, அதனால் சுலபம்" என்கிறார்கள். அடுத்த மூச்சில் "இந்த வயசுல ஞாபகம் நிக்காது, அதனால் முடியாது" என்கிறார்கள். பார்த்து எழுதுவதற்கு ஞாபகம் எதற்கு? ஞாபகம் வேண்டுமென்றால் அது பார்த்து எழுதுகிற பரீட்சை எப்படி ஆகும்? இரண்டில் ஒன்றை முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

வயதைக் காரணம் காட்டி வாசலை அடைக்கும் முயற்சி இன்று நேற்று நடப்பதல்ல. 45 வயது தாண்டியவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் ஒரு விதி போட்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. இளமையில் பதிவு செய்துவிட்டு, வேறு வேலைக்குப் போய், ஐம்பது வயதில் திரும்பி வருகிறவரைத் தடுக்காத விதி, ஐம்பது வயதில் முதல் முறையாக வருகிறவரை மட்டும் தடுப்பது பாகுபாடு என்று நீதிமன்றம் பார்த்தது. மூன்றாண்டு சட்டப்படிப்பில் சேர 30 வயதுதான் உச்சவரம்பு என்று 2016-இல் மறுபடியும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2017 மார்ச்சில் அதற்கும் தடை விழுந்தது. சட்டம் திறந்து வைத்த கதவை டீக்கடைப் பேச்சு சாத்தப் பார்க்கிறது.

4. 44 எடுத்தவருக்கும் 45 எடுத்தவருக்கும் நடுவே என்ன இருக்கிறது?

ஒரு கேள்வி இருக்கிறது. அவ்வளவுதான். அந்தக் கேள்வியும் சில சமயம் சந்தேகத்துக்குரியது. தேர்வுக்குப் பிறகு விடைக்குறிப்பை வெளியிடுகிறார்கள், ஆட்சேபம் கேட்கிறார்கள், தவறான வினாக்களை நீக்கியும் இருக்கிறார்கள். தேர்வு நடத்துகிறவர்களே தங்கள் வினாத்தாளைத் திருத்திக்கொள்ளும்போது, அதில் ஒரு மதிப்பெண் குறைந்தவரை ஆயுளுக்கும் லாயக்கற்றவர் என்று தீர்ப்பெழுத மற்றவர்களுக்கு என்ன அதிகாரம்?

இன்னொன்றும் இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதியே சொல்கிறது. பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் தேர்வில் தேற இரண்டு வருட அவகாசம் உண்டு, அதுவரை தற்காலிகமாகத் தொழில் நடத்தலாம். தோற்ற மாத்திரத்தில் கட்சிக்காரருக்கு ஆபத்து என்று பார் கவுன்சிலே நினைத்திருந்தால் இந்த இரண்டு வருடத்தைத் தந்திருக்குமா?

5. "முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படி" என்பதுதான் இருப்பதிலேயே கெட்ட புத்திமதி.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் இது கூடுதல் ஆபத்து. கேட்பதற்கு உழைப்பைப் போற்றுவது போல இருக்கும். உண்மையில் இது யோசிப்பதைத் தவிர்க்கும் சோம்பேறித்தனம். கணக்கைப் பாருங்கள்.

பாடங்கள் 19. அரசியலமைப்பு 10 கேள்வி, குற்ற நடைமுறை 10, சிவில் நடைமுறை 10, குற்றவியல் சன்ஹிதா 8, சாட்சியம் 8. இந்த ஐந்தே 46. பொதுப் பிரிவினர் தேற வேண்டிய மதிப்பெண் 45, பட்டியலினத்தவருக்கு 40. இதோடு குடும்பச் சட்டம் 8-ஐயும், ஒப்பந்தம், சொத்துரிமை மாற்றம், காசோலைச் சட்டம் ஆகியவற்றுக்குச் சேர்த்து வைத்திருக்கும் 8-ஐயும் கூட்டினால் 62 ஆகிறது. மறுபக்கம் கம்பெனிச் சட்டம், சுற்றுச்சூழல், சைபர், நில எடுப்பு, அறிவுசார் சொத்துரிமை ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு. ஐந்து தடித்த பாடங்களைக் கரைத்துக் குடித்தால் கிடைப்பது பத்து.

இப்போது பழைய தொழிலைக் கொண்டுவந்து இதில் வைத்துப் பாருங்கள். கணக்கராக இருந்தவர் எங்கே உட்காருவார்? வரிச் சட்டத்திலும் கம்பெனிச் சட்டத்திலும். அங்கே அவருக்குப் பழகின மண், படிக்கும்போதே மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் வரி 4, கம்பெனி 2. தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருந்தவர் தொழிலாளர் சட்டத்தை மூன்று தடவை படிப்பார். அது 4. வருவாய்த் துறையில் பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி என்று காலத்தைக் கழித்தவருக்கு நில எடுப்பில் கிடைப்பது 2. "எல்லாவற்றையும் படி" என்று சொல்லி அனுப்பினால், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடத்திலேயே நேரத்தைக் கொட்டிவிட்டு, பழகாத சிவில் நடைமுறைக்கு வரும்போது கடைசி வாரம் ஆகியிருக்கும். போன தடவை எங்கே தோற்றாரோ அதே இடத்தில் இந்தத் தடவையும் தோற்பார், கூடுதல் களைப்போடு.

மறுபடி எழுதுகிறவரிடம் முதல் தடவை எழுதியவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, தோற்ற வினாத்தாள். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துத் தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தப்பானது என்று எழுதிப் பார்க்கட்டும். சில கேள்விகளில் விஷயமே தெரியாமல் இருந்திருக்கும். சிலவற்றில் விஷயம் தெரியும், புத்தகத்தில் இடம் தெரியாது. சிலவற்றில் பழைய எண் காலை வாரியிருக்கும். சிலவற்றில் "பொருந்தாதது எது" என்று கேட்டதைப் "பொருந்துவது எது" என்று படித்திருப்பார். நேரம் போதாமல் காலியாக விட்டது எத்தனை என்றும் பார்க்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, காலியாக விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. இந்த ஐந்தில் முதல் வகைக்கு மட்டும்தான் "படி" என்பது மருந்து. இரண்டாவதற்கு மருந்து பொருளடக்கத்தை மட்டும் வைத்துத் தேடிப் பழகுவது. மூன்றாவதற்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பத்தி போட்டுத் தன் கையால் எழுதிய ஒரு தாள் போதும், பத்து நாளில் கை திருந்திவிடும். நான்காவதும் ஐந்தாவதும் கடிகாரம் வைத்துப் பழக வேண்டியவை. ஐந்து வகைத் தப்புக்கும் ஒரே மருந்தை எழுதித் தருகிறவரை மருத்துவர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

படிக்காமலே போய் எழுதித் தோற்றவர்கள் உண்டு. அவர்களுக்கு "படி" என்பதே சரி. அது அவர்களுக்கும் தெரியும்.

"எல்லாவற்றையும்" என்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எந்த வருடத்துப் புத்தகத்தை? மூன்று வருடம் முன் கல்லூரியில் வாங்கிய கட்டு அலமாரியில் இருக்கும், அதையே முதலிலிருந்து புரட்டுவார். தண்டனைச் சட்டமும் குற்ற நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் போனதை மேலே சொன்னேன். தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்து 2025-ஆம் வருடச் சட்டம் வந்திருக்கிறது. நுகர்வோர் சட்டம் 1986-லிருந்து 2019-க்கு மாறி நாளாகிறது, ஆனாலும் பழைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கட்டை முழுசாகப் படித்து முடிப்பவர் தப்பான சட்டத்தில் நிபுணராகிவிடுவார். புது பேர் ஆக்ட் நாலைந்து வாங்குவது இந்த அறிவுரைக்குச் செலவழிக்கும் நேரத்தைவிட மலிவு.

6. வேலையை விட்டுவிட்டு யார் சோறு போடுவது?

இதைச் சொல்கிறவர்கள் ஒரு உண்மையான விதியை வைத்துத்தான் சொல்கிறார்கள். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. மருத்துவத் தொழிலை விடாமலே வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்ட மருத்துவருக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரே சமயத்தில் இரண்டு குதிரையில் ஏற முடியாது என்பதில் எனக்கும் சண்டையில்லை. ஆனால் தொழில் நடத்துவதற்குள்ள தடையைத் தேர்வுக்குப் படிப்பதற்கும் நீட்டுவது எந்தச் சட்டம்? பதிவு செய்தால்தான் தேர்வு, வேலையை விட்டால்தான் பதிவு என்றிருந்த முடிச்சு வேலையில் இருப்பவர்களை எப்படி நெருக்கியது என்பதை உச்ச நீதிமன்றமே கவனித்திருக்கிறது. வேலையில் இருப்பவர் தற்காலிகமாகப் பதிவு செய்து தேர்வெழுதலாம், தேறிய பிறகு எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க ஆறு மாதம் தரலாம் என்ற யோசனை 2022-இல் அங்கே பரிசீலனைக்கு வந்தது. அதாவது பிரச்சினை வேலையில் இருப்பவரின் ஆர்வக்குறைவு அல்ல, விதியின் அமைப்பு என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கீழே புத்திமதி சொல்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

காசுக்கணக்கும் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 3,500 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 2,500, ஒவ்வொரு தடவையும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கியதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 750 ரூபாயாகவும் பட்டியலினத்தவருக்கு 125 ரூபாயாகவும் சட்டம் சொன்ன அளவுக்கே இறக்கியது. இரண்டையும் கூட்டினாலும் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. பெரிய செலவு வேறு இடத்தில் காத்திருக்கிறது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏன் உத்தரவிட வேண்டியிருந்தது என்பது எல்லா ஜூனியருக்கும் தெரியும். தேறிய பிறகு வரும் முதல் இரண்டு மூன்று வருடம்தான் குடும்பத்தைக் கடிக்கும் காலம். அந்தக் காலத்துக்குச் சேமித்து வைத்த பணத்தை, வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு தேர்வுத் தயாரிப்புக்காக முன்கூட்டியே கரைக்கச் சொல்வதை அக்கறை என்று என்னால் ஏற்க முடியவில்லை. வேலையையும் விட்டுவிட்டுத் தேர்விலும் மறுபடி ஒரு மதிப்பெண்ணில் விழுந்தால் அவர் திரும்பிப் போக ஒரு இடமும் இருக்காது. அதுவும் பெண்ணாக இருந்தால், இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படித்தவராக இருந்தால், "ஒரு தடவை சான்ஸ் கொடுத்தாச்சு" என்று வீட்டிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

7. கோச்சிங்.

கணக்கு தப்பாமல் நேரம் வைத்து மாதிரித் தேர்வு நடத்துகிற இடமென்றால் போகலாம். பாடம் பாடமாக ஆறு மாதம் உரை நடத்துகிற இடமென்றால் ஐந்தாம் மறுப்பில் சொன்னதே இங்கேயும். விடைகளோடு அச்சடித்த ஆயிரம் வினாக் கட்டைக் கையில் திணிப்பார்கள். அதை ஹாலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்கட்டும்.

8. கடைசியாக, யார் சிரிக்கிறார்கள்?

2009-10 கல்வியாண்டிலிருந்து பட்டம் பெற்றவர்களுக்குத்தான் இந்தத் தேர்வு. அதற்கு முன் பதிவு செய்தவர்கள் எவரும் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. "பார்த்து எழுதுற பரீட்சையிலேயே கோட்டை விட்டாரா" என்று மற்றவர்களைவிடச் சத்தமாகக் கேட்பது பெரும்பாலும் இந்தத் தலைமுறைதான். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. விசாரணை நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து கிழிப்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. ஆனால் அந்தத் திறமைக்கும் இரண்டு நிமிடத்துக்குள் நான்கில் ஒன்றைக் குறிக்கும் திறமைக்கும் தூரம் அதிகம். அவர்கள் வாயில் இன்றைக்கும் கொலை என்றால் 302-தான் வருகிறது, வழக்கை ரத்து செய்வதென்றால் 482-தான் வருகிறது.

ஜூனியர் தோற்றுவிட்டார் என்று வருத்தப்படும் சீனியர் ஒருவர், சிரிப்பதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சேம்பருக்கு வரச் சொல்லட்டும். போன வருட வினாத்தாள் இரண்டு பிரதி, புதிய சன்ஹிதாக்கள், சிவில் நடைமுறைச் சட்டம், ஒரு கடிகாரம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேர்வு நேரம் முழுக்க எழுதட்டும். இருவர் விடைத்தாளையும் குமாஸ்தா திருத்தட்டும். அதன் பிறகு அந்தச் சீனியர் டீக்கடைக்கு வந்து என்ன சொல்கிறார் என்று கேட்க நான் தயாராக இருக்கிறேன்.